முப்பத்தொரு ஸ்டாப்

"நேத்து சாயங்காலம் நட்ட குச்சி இது. எவ்வளவு தாண்டியிருக்கும், சொல்லுங்க பார்க்கலாம்!"

தையல்காரி மண்ணில் குந்திக்கொண்டு கழுத்தில் கிடந்த டேப்பை உருவினாள். மெஷினை விட்டு எழுந்தாலும் அந்த டேப் மட்டும் அவள் கழுத்தை விட்டு இறங்காது. பூசணிக் கொடியின் நுனி மெல்லிய ரோமத்தோடு தலையைத் தூக்கிக்கொண்டு நின்றது. குச்சியிலிருந்து நுனி வரைக்கும் டேப்பை இழுத்துப் பிடித்தாள்.

"நாலு இன்ச்?" என்றார் டிரைவர், அவள் வீட்டுக்காரர்.

"நாலாம் நாலு! ஏழேகால்!"

"அடேங்கப்பா! ராத்திரி பூரா தூங்கவே இல்லையா இது?"

பக்கத்துத் துண்டிலிருந்து ஒரு தலை நீண்டது. கடைவீதியில் வாட்ச் ரிப்பேர் பார்ப்பவர். தன் முள்ளங்கியைக்கூட நூல் பிடித்துத்தான் நடுவார். "தங்கச்சி, அது துணி அளக்கிற டேப்பு. இழுத்தா இழுத்த இழுப்புக்கு நீளும். நான் இரும்பு ஸ்கேல் கொண்டு வரட்டுமா?"

"கொண்டு வாங்கண்ணே. நீங்க வீட்டுக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள இன்னும் ஒரு இன்ச் ஓடியிருக்கும்."

டிரைவர் வாய் விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காக அவள் இன்னும் பத்து இன்ச்கூடப் பொய் சொல்லியிருப்பாள். ஆனால் அதற்கு அவசியமே இல்லாமல் கொடி நிஜமாகவே ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு பூசணிக் கொடிக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று கேட்பவர்களுக்கு அந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ரயில் தண்டவாளத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே சும்மா கிடந்த பொறம்போக்கை நகராட்சி கயிறு கட்டி அறுபது துண்டாகப் பிரித்து, மாடிக் குடித்தனக்காரர்கள் பயிர் வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தது. ஒரு துண்டு இருபது அடிக்குப் பதினைந்து அடி. மண்ணுக்கு ஏங்கிக் கிடக்கிற ஜனம் ஊரில் ஏராளம் என்பதால் பெயர் கொடுத்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கிடைத்த துண்டில் முக்கால்வாசி இடம் பச்சையாக இருக்க வேண்டும், வேர் பிடித்த பயிராகவும் இருக்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு தரம் அளக்க வருவார்கள். பச்சை குறைந்தால் சிவப்புச் சீட்டு. இரண்டாவது சிவப்புச் சீட்டு வந்தால் துண்டு பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். இவர்களுக்குப் போன வருஷமே ஒன்று வந்தாயிற்று.

போன வருஷம் அங்கே பயிர் வைக்கிற நிலைமையில் யாரும் இல்லை. இருபத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டியவருக்குக் கண்ணின் நடுவில் புகை படிந்த மாதிரி ஒரு மறைப்பு வந்தது. ஓரம் தெரியும், நேரே பார்ப்பது தெரியாது. எதிரில் நிற்கிற மனிதரின் காது தெரியும், முகம் தெரியாது. இது இனி தேறாது என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே டிப்போவில் சாவியை வாங்கிக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து உள் அறைக் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தவர்தான், ஒன்பது மாதம் அப்படியே உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டால் 'ம்' என்பார். தட்டை நீட்டினால் சாப்பிடுவார். முன்னறையில் மெஷினை மிதித்துக்கொண்டே அவள் அந்த முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை என்று தோன்றும் அவளுக்கு.

அவரைக் கிளப்பியது அந்தச் சிவப்புச் சீட்டுதான். படித்துக் காட்டினாள். "ஆறு வருஷம் காத்திருந்து வாங்கின இடமாச்சே. செருப்பை எடு" என்றார்.

போய்ப் பார்த்தால் துண்டு முழுக்க உடைந்த செங்கல்லும் ஓடும். தோண்டித் தோண்டி ஒரே ஒரு குழிக்குத்தான் நல்ல மண் சேர்ந்தது. ஒரு குழியை வைத்துக்கொண்டு முக்கால் துண்டைப் பச்சையாக்க வேண்டுமென்றால் பூசணியை விட்டால் வேறு வழியில்லை. மூன்று விதை போட்டார்கள். ஒன்றை நத்தை தின்றது, ஒன்று முளைக்கவே இல்லை, மூன்றாவது சூரத்தனமாகக் கிளம்பியது.

அதற்கு எரு கொண்டு வந்தவள் அவருடைய தங்கை. டிப்போ கேன்டீனில் டீ போடுகிறவள். தினமும் ஒரு பை டீச்சக்கையைச் சுமந்துகொண்டு வந்து கொட்டுவாள். "அண்ணி, இன்னிக்கு முந்நூறு டீ. நம்ம பூசணி நல்லா வளரணும்னே எல்லாரையும் ரெண்டாவது டீ குடிக்க வெச்சுட்டேன். பாவம், மெக்கானிக்கெல்லாம் தூக்கம் வராம அலையுறாங்க."

இலை ஒவ்வொன்றும் முறம் அகலம். அதுவும் அவருக்குத் தோதாக இருந்தது. மற்றப் பயிரெல்லாம் அவர் கண்ணுக்குப் பச்சைப் புகை. பூசணி மட்டும் கைக்குத் தெரிந்தது. கொடியைத் தொட்டுக்கொண்டே குனிந்து போவார். ஒவ்வொரு கணுவிலும் நின்று, ஒரு கைப்பிடி மண் போட்டு மூடி, வளைத்த கம்பி ஒன்றைக் கொடிக்கு மேலே குத்துவார். எது கொடி, எது கீழே கிடக்கிற குச்சி என்று அடுத்த நாள் கைக்குத் தெரிய வேண்டுமே, அதற்காக.

கம்பி எங்கிருந்து வந்தது? அங்கேதான் அவளுக்கும் அவருக்கும் தினமும் தகராறு.

"என்னங்க, என் ஹேங்கர் எல்லாம் எங்க போச்சு? நாலு சட்டையைத் தைச்சு முடிச்சு மாட்ட இடமில்லாம நாற்காலி முதுகுல போட்டு வெச்சிருக்கேன். வாங்க வந்தவங்க என்ன நினைப்பாங்க?"

"ஒண்ணே ஒண்ணுதான்மா எடுத்தேன்."

"ஒண்ணா? நேத்து ஒண்ணு, முந்தாநேத்து ரெண்டு. கொடிக்கு எதுக்குங்க கொண்டை ஊசி?"

"ஸ்டாப் வைக்க வேண்டாமா?" என்பார் அவர் படு சீரியஸாக.

அதுதான் விஷயம். அந்தக் கம்பிகளுக்கெல்லாம் பெயர் இருந்தது. குழி டிப்போ. அங்கிருந்து ஐந்தடி தள்ளி முதல் கம்பி, மருந்துக்கடை. அடுத்தது பள்ளிக்கூடம். பிறகு பழைய பாலம், ஆஸ்பத்திரி, மீன் மார்க்கெட், கோர்ட். இருபத்திரண்டு வருஷம் ஓட்டிய அதே ரூட், அதே வரிசை. கொடி வளர வளர வண்டி அடுத்த ஸ்டாப்புக்குப் போய்ச் சேரும். காலையில் போனதும், "கோர்ட் தாண்டிடுச்சா?" என்பதுதான் முதல் கேள்வி. தாண்டியிருந்தால் அன்றைக்கு முழுக்க மனிதரைப் பிடிக்க முடியாது.

பூ விட்ட வாரத்தில் நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள். அண்ணன் விடியற்காலையிலேயே போய் ஆண் பூவைக் கிள்ளி, பெண் பூவைத் தடவித் தேடி, இரண்டையும் சேர்த்துக்கொண்டிருந்தார். "என் கல்யாணத்துக்கு இவ்வளவு அலைஞ்சிருந்தா எனக்கும் காலாகாலத்துல நடந்திருக்கும்ல அண்ணே!" என்றாள். "உனக்கு மாப்பிள்ளை இப்படித் தோட்டத்துல பூத்துக் கிடக்கலையே" என்றார் அவர். ஒரு வாரத்தில் மூன்று பிஞ்சு எலுமிச்சை அளவுக்கு உருண்டு நின்றன.

அளக்க வருவதற்கு ஆறு நாள் இருந்தது. அவள் கண்ணளவில் பார்த்தாள். துணி வெட்டி வெட்டிப் பழகிய கண். கொடி முக்கால் துண்டைத் தாண்டி இன்னும் ஒரு தலையணை உறை அகலத்துக்குக் கூடுதலாகவே பரவியிருந்தது. இனி பயமில்லை என்று அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பாட்டு டப்பாவைக் கட்டிக்கொண்டு போனாள்.

அவர் தூரத்து மூலையில் மீன் மார்க்கெட் பக்கம் குனிந்திருந்தார். குழியைச் சுற்றிப் புல்லெல்லாம் சுத்தமாகச் செதுக்கியிருந்தது. களைக்கொத்து அங்கேயே கிடந்தது. பக்கத்தில் கட்டைவிரல் தடிமனுக்கு, வழவழவென்று, ஒரே வெட்டில் துண்டாகிக் கிடந்தது கொடியின் அடித்தண்டு. வெட்டுவாயில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அவர் புல்லோடு புல்லாக வெட்டியிருக்கிறார். அவருக்குத் தெரியவும் இல்லை. அங்கே என்னவோ முணுமுணுத்துக்கொண்டு மண் அணைக்கிறார். இதைச் சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்கு ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. அந்தக் கட்டில், அந்தச் சுவர், அந்த முதுகு. பதறிப்போய் இரண்டு முனையையும் மண்ணால் மூடி, மேலே ஒரு ஓட்டுச்சில்லை எடுத்து வைத்தாள்.

"வந்துட்டியாம்மா?"

"வந்துட்டேங்க. வாங்க, சூடா இருக்கு, சாப்பிடலாம்."

டப்பாவைத் திறப்பதற்குள் கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள்.

அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வாட்ச்காரரிடம் ஓடினாள். அவர் பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு வெட்டுவாயைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். "தூரே போச்சே தங்கச்சி. நாளைக்கு வெயில் ஏறினா மொத்தமும் தொங்கிடும். டிரைவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. நீங்களும் சொல்லிடாதீங்கண்ணே. பெருச்சாளி கடிச்சிடுச்சுன்னு நானே மெதுவா சொல்லிக்கிறேன்."

வீட்டுக்கு வருகிற வழியில்தான் அவளுக்கு உறைத்தது. பட்டியலில் அடுத்த பெயர் வாட்ச்காரருடைய மாப்பிள்ளை. போயும் போயும் அந்த மனிதரிடமா போய்க் காட்டினோம் என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம் இலையெல்லாம் ஈரத்துணி மாதிரி தொங்கியது. அவள் பார்க்க மாட்டாமல் திரும்பி வந்துவிட்டாள். அன்றைக்கு ஒரு சட்டைக்குக் கையை மாற்றித் தைத்தாள்.

சாயங்காலம் மனது கேட்கவில்லை, மறுபடி போனாள். குழியோரத்து இலைகள் கருகிச் சுருண்டிருந்தன. மருந்துக்கடை வரை அதே கதை. ஆனால் பள்ளிக்கூடத்து இலை லேசாகத் தலை தூக்கியிருந்தது. பழைய பாலத்தில் பாதிக் குடை விரிந்திருந்தது. கோர்ட்டில் முழுக் குடை! அவள் கொடியைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. கம்பியைப் பிடுங்கி எடுத்துவிட்டு மறுபடி இழுத்தாள். அப்போதும் வரவில்லை. விரலால் மண்ணைக் கிளறினாள். கணுவுக்கு அடியில், தையல் நூல்கண்டு பிரிந்த மாதிரி, வெள்ளை வெளேரென்று வேர்!

அடுத்த கம்பி. அங்கேயும் வேர். அதற்கடுத்த கம்பியிலும். அவர் மண் போட்டுக் கம்பி குத்திய கணுவெல்லாம் தனித்தனியாக மண்ணைப் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தது. குழியோரத்தில் கம்பி குத்தாமல் விட்ட கிளைகள் மட்டும்தான் போயிருந்தன. அவள் நடுத் துண்டில் உட்கார்ந்து சிரித்தாள், அழுதாள், எதைச் செய்கிறோம் என்றே தெரியவில்லை. ஹேங்கருக்காக இந்த மனிதரை என்ன பேச்சுப் பேசிவிட்டோம் என்று வெட்கமாக இருந்தது.

பிறகு கண்ணளவு எடுத்தாள். போனது போக, முக்காலுக்கு ஒரு சிங்கிள் பெட்ஷீட் அளவு குறைந்தது. ஐந்து நாள். நுனி ஒன்பது. ஒரு நுனி நாளைக்கு ஆறு இன்ச் ஓடினால்? மனசுக்குள் வெட்டிப் பார்த்தாள். எட்டும் போலிருந்தது!

"என்னங்க, நுனியெல்லாம் குழிப் பக்கமா திருப்பி விடலாமா? அந்தப் பக்கம் வெயில் நல்லா விழுது."

"விடலாமே" என்றார் அவர் உடனே. எதற்கு என்று கேட்கவில்லை. கேட்காமல் விட்டாரே என்று அவளுக்கு உயிர் வந்தது.

அந்த ஐந்து நாளும் வீடு பரீட்சைக்குப் படிக்கிற வீடாக இருந்தது. விடிந்ததும் தண்ணீர், சாயங்காலம் தண்ணீர். அவர் ஒவ்வொரு கம்பியாகத் தடவிப் போய் ஒவ்வொரு செம்பு ஊற்றினார். குழிக்கு மட்டும் ஊற்றவில்லை. மறந்துவிட்டார், நல்லதாகப் போயிற்று என்று அவள் நினைத்துக்கொண்டாள். நாத்தனார் டீச்சக்கையோடு டீத்தண்ணீரையும் கேனில் பிடித்துக்கொண்டு வந்தாள். "இன்னிக்கு அஞ்சரை இன்ச்!" "இந்தக் கிளை ஆறரை!" "இது சோம்பேறிங்க, நாலுதான்." மூன்றாம் நாள் நல்ல மழை பிடித்தது. மூவரும் ஜன்னலில் நின்று கைதட்டாத குறை. மறுநாள் காலை ஒரு நுனி எட்டே முக்கால் ஓடியிருந்தது. அவள் கத்திய கத்தலில் வாட்ச்காரர் கையிலிருந்த முள்ளங்கியைக் கீழே போட்டுவிட்டார்.

அளக்கிற நாளும் வந்தது. நகராட்சி அம்மா ரப்பர் பூட்ஸும் கையில் அட்டையுமாக வந்தாள். சிரிக்கிற ரகம் இல்லை. கயிற்றைப் பிடித்து அளந்து, எழுதி, மறுபடி அளந்தாள்.

"முக்கால்வாசி வந்துடுச்சு. கொஞ்சம் கூடவே இருக்கு."

தையல்காரி மூச்சு விட்டாள்.

"இதோட தூர் எங்க இருக்கு?"

விட்ட மூச்சு அப்படியே நின்றது. அந்தப் பெண் காய்ந்த தண்டைப் பிடித்துக்கொண்டே போய், ஓட்டுச்சில்லைக் காலால் நகர்த்தினாள். கருத்துச் சுருங்கிய வெட்டுவாய் வெளியே தெரிந்தது.

"என்னம்மா இது? தூரே கிடையாது! எங்கேயோ வெட்டின கொடியைக் கொண்டு வந்து பரப்பி வெச்சிருக்கீங்களா? போன வருஷம் ஒருத்தர் இப்படித்தான் செஞ்சார்."

"ஐயோ, இல்லை மேடம்! அது வந்து, பெருச்சாளி..."

"பெருச்சாளி இல்லை மேடம்" என்றார் டிரைவர். "வெட்டினது நான்தான். களைக்கொத்தால."

அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் கொடியோரமாக வந்து மண்டியிட்டார். நகராட்சி அம்மாவின் முகம் இருக்கிற திசைக்குக் கொஞ்சம் தள்ளி, அவளுடைய காதைப் பார்த்துப் பேசினார்.

"எனக்கு நேரா பார்க்கிறது தெரியாது. கைதான் கண்ணு. அதனால கணுவுக்குக் கணு மண்ணைப் போட்டுக் கம்பி குத்தி வெச்சிருக்கேன். நீங்க இஷ்டப்பட்ட இடத்துல பிடிச்சு இழுங்க. ஒண்ணு வந்தாலும் சீட்டை எழுதிக் குடுத்துடுங்க."

அந்தப் பெண் அட்டையை இடுக்கிக்கொண்டு ஒரு கணுவைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. "அது ஆஸ்பத்திரி" என்றார் அவர். இன்னொன்றை இழுத்தாள். "தண்ணீர்ப் பந்தல் வளைவு. அது அசையாது." நான்காவதில் இரண்டு கையாலும் இழுத்து, பூட்ஸ் வழுக்கி, கிட்டத்தட்ட உட்காரப் பார்த்தாள்.

"என்ன பேரெல்லாம் சொல்றீங்க?"

"ஸ்டாப்பு மேடம். மொத்தம் முப்பத்தொண்ணு. முப்பத்தொண்ணுலயும் வேர் இருக்கு."

நகராட்சி அம்மா பக்கத்துத் துண்டைப் பார்த்தாள். வாட்ச்காரர் கைகட்டி நின்றார். "நீங்க சொல்லுங்க சார். இது இங்கேயே வளர்ந்த கொடிதானா?"

வாட்ச்காரர் தொண்டையைக் கனைத்தார். மாப்பிள்ளையை நினைத்தாரோ என்னவோ, ஒரு கணம் தாமதித்தார்.

"அஞ்சு நாளா கயிறைத் தாண்டி வந்து என் முள்ளங்கி மேல ஏறிக்கிட்டு இருக்கு மேடம். நான் தினமும் எடுத்து அந்தப் பக்கம் விடுறேன். பரப்பி வெச்ச கொடி இப்படி அராஜகம் பண்ணுமா? எழுதுங்க, எழுதுங்க, பச்சைச் சீட்டுதான்."

நகராட்சி அம்மாவுக்குக் கடைசியில் சிரிப்பு வந்துவிட்டது. எழுதிக் கிழித்துக் கொடுத்தாள். நாத்தனார் அதைப் பிடுங்கி, "டிப்போ நோட்டீஸ் போர்டுல ஒட்டப் போறேன்!" என்று கிளம்பியே விட்டாள்.

எல்லாரும் போன பிறகு தையல்காரி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"வெட்டுறப்பவே. புல்லு அப்படிக் கடக்குன்னு அறுபடாதும்மா."

"அப்புறம் ஏங்க சொல்லலை?"

"சொன்னா நீ அழுவே. இனிமே களைக்கொத்தைத் தொடாதீங்க, வீட்டிலேயே இருங்கன்னு சொல்லுவே. அந்த அறைக்கு நான் திரும்பப் போக மாட்டேன்மா. எனக்குப் பயமா இருந்துச்சு." கொடியைத் தடவினார். "சரி, இழுத்துப் பார்ப்போம்னு ஒவ்வொரு ஸ்டாப்பா இழுத்தேன். எல்லாம் பிடிச்சிருந்துச்சு. திரும்பி வந்தா நீ ஓட்டுச்சில்லை வெச்சு மூடிட்டு, வாங்க சாப்பிடலாங்கிறே. நானும் பேசாம சாப்பிட்டுட்டேன்."

"அதான் குழிக்குத் தண்ணி ஊத்தலையா?"

"டிப்போவுல யாரு இருக்கா, ஊத்த?"

அவளுக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தது. அவர் தோளில் ஒரு அடி வைத்தாள். ஆறு நாள் அவரைக் காப்பாற்றுகிறோம் என்று தூக்கமில்லாமல் கிடந்தாள். பக்கத்திலேயே படுத்துக்கொண்டு இந்த மனிதரும் அதையேதான் செய்திருக்கிறார். இப்படி ஒரு ஆளை யாராவது சுவரைப் பார்த்து உட்கார விடுவார்களா என்று மனது நிறைந்துபோயிற்று.

சாயங்காலம் வீட்டில் மிச்சமிருந்த ஏழு ஹேங்கரிலிருந்தும் துணியைக் கழற்றி, மடித்து, மெஷின் மேல் அடுக்கினாள். இரண்டு பேரும் மறுபடி துண்டுக்குப் போனார்கள். ஹேங்கரையும் கம்பி வெட்டுகிற குறட்டையும் அவர் மடியில் போட்டாள்.

"இந்தாங்க. மிச்ச கணுவுக்கெல்லாம் குத்துங்க."

அவர் கம்பியை வளைத்துவிட்டுக் கையை நிறுத்தினார். "முப்பத்தொண்ணோட செக்போஸ்ட் வந்துடுச்சு. அதுக்கு மேல ரூட்டே கிடையாதேம்மா."

"கொடி போகுதே. அது என்ன பெர்மிட் கேட்டுக்கிட்டா போகுது?"

அவர் குனிந்து நுனியைத் தேடினார். கடைசிக் கணுவை விரலால் கண்டுபிடித்து, ஒரு கைப்பிடி மண் போட்டு அழுத்தி, அதன் மேல் கம்பியைக் குத்தினார்.

"முப்பத்திரண்டு" என்றார். "தையல் கடை. இறங்குறவங்கல்லாம் இறங்கலாம்."

தையல்காரி கழுத்திலிருந்த டேப்பை உருவி, நாளைக் காலைக்கு ஒரு குச்சி நட்டாள்.